வயிறு மரத்திருந்த மாலை

மாலை நான்கு மணி பத்து நிமிடம். நாளைக்கும் வேலைக்கு வரமாட்டேன் என்று கம்பெனிக்குச் சொல்லிவிடலாம் என நினைத்துக் கைபேசியை எடுத்தேன். அதில்தான் மணி பார்த்தேன். அப்போது என் மகள் பிருந்தா கண்ணைத் திறக்காமல், "உள்ளுக்குள்ள என்னமோ உளையுதுங்ப்பா" என்றாள்.

நான் போர்வையை இழுத்துவிட்டு, "தூங்கு கண்ணு, செரியாப் போயிரும்" என்றேன்.

அந்த நேரத்தில் அவள் வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அறையில் இருந்த யாருக்கும் அது தெரியாது. வயிற்றுக்குச் சொந்தக்காரிக்கே தெரியாது. அன்று காலையில்தான் அந்த வயிற்றை மரக்கவைத்திருந்தார்கள்.

பிருந்தா பிழைத்து வீட்டுக்கு வந்து இரண்டு மாதத்துக்கு மேலாகிறது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கும் பழையபடி போய் வருகிறாள். எனக்குத்தான் இன்னும் அந்த ஆஸ்பத்திரி அறையை விட்டு வெளியே வர முடியவில்லை. சாப்பிட உட்காரும்போது அவள் கண்ணின் கீழிமையைப் பார்க்கிறேன். உள்பக்கம் சிவப்பாக இருக்கிறதா என்று. அவளுக்கு அது தெரிந்துபோய், தானே இமையை விரலால் இழுத்துக் காட்டிவிட்டுச் சாப்பிடுகிறாள். இதை எழுதச் சொன்னதும் அவள்தான். "உங்களுக்குப் பேசித் தீரலீங்ப்பா, எழுதியாச்சும் பாருங்க" என்றாள்.

அவளுக்கு வயது இருபத்து மூன்று. சில மாதங்களாகவே சாப்பிட்டதும் வலப்பக்க விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு உட்காருவாள். கேஸ் என்றோம். என் மனைவி கலாமணி ஓமத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு ஒரு நாள் வாந்தி நிற்காமல் போக, அன்னூரில் ஸ்கேன் எடுத்தோம். பித்தப்பையில் கற்கள். கல்லீரலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பை அது. பித்த நீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அது இல்லாமலும் மனிதன் வாழலாம், எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார்கள். கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். வயிற்றைக் கிழிக்காமல் நான்கு சின்னத் துளை போட்டு, கேமரா வைத்துப் பார்த்தே எடுத்துவிடலாம் என்றார் அறுவை சிகிச்சை நிபுணர். லேப்ராஸ்கோபி. காலையில் செய்தால் மறுநாள் வீடு.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்க மருந்து டாக்டரம்மாவைப் பார்க்கச் சொன்னார்கள். அந்தியூர்க்காரர். ஐம்பதை ஒட்டிய வயது. பிருந்தாவின் கழுத்து, வாய், பல் எல்லாம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, நீங்க என்ன வேலைங்க?"

"பம்ப்செட் கம்பெனிங்க. மோட்டார் வைண்டிங் செக்‌ஷன்ல சூப்பர்வைசருங்க."

"அப்ப உங்களுக்குச் சொல்றது சுலபமுங்க. ஆபரேஷன் முடியறப்ப வவுத்துச் சொவத்துக்கு வர்ற லைனை மட்டும் ஆஃப் பண்ணி வச்சுருவேன். பொறவு அதுவா ஆன் ஆயிக்கும்."

கூட வந்திருந்த என் மனைவியின் அண்ணன் தங்கவேலு, "கரண்டு திரும்பி வாரப்ப ஷாக் அடிக்குமுங்களா டாக்டரம்மா?" என்று கேட்டார். தங்கவேலுக்கு எங்கேயும் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்.

"அடிக்காதுங்க. மெதுவாத்தான் வரும். உங்களுக்கு வேணும்னா தனியா ஒண்ணு போட்டு உடறேன், கொஞ்ச நேரம் பேசாம இருப்பீங்க."

பிருந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இந்த ஊசிக்கு நரம்புத் தடுப்பு ஊசி என்று பெயர். நெர்வ் பிளாக் என்பார்கள். வயிற்றுச் சுவர் தசை அடுக்குகளால் ஆனது. தோலுக்கும் தசைக்கும் உணர்ச்சி கொண்டுவரும் நரம்புகள் அந்த அடுக்குகளின் இடுக்கில் ஓடுகின்றன. ஸ்கேன் திரையில் பார்த்துக்கொண்டே, விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் ஊசியை இறக்கி, அந்த இடுக்கில் மரக்கவைக்கும் மருந்தை விடுகிறார்கள். அரை நாளோ அதற்கு மேலோ வயிற்றுத் தோலில் வெட்டு இருப்பதே தெரியாது. வீரியமான வலி ஊசிகள் குறையும், அதனால் வாந்தியும் மயக்கமும் குறையும், சீக்கிரம் எழுந்து நடக்கலாம். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. அன்று வீட்டுக்குத் திரும்பியதும் பக்கத்து வீட்டுக்காரர் வரைக்கும் விளக்கிச் சொன்னேன்.

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். குடல், கல்லீரல் மாதிரி உள்ளுறுப்புகளின் வலி வேறு வழியாகப் போகிறது, இந்த ஊசி அதைத் தொடாது என்று. எங்கள் பக்கம் தோட்டத்தில் கிணற்று மோட்டாருக்கு ஒரு கரண்டு சர்வீஸ், வீட்டுக்கு ஒரு சர்வீஸ் இருக்கும். ஒன்றை நிறுத்தினால் மற்றது நிற்காது. எனக்கு அது விளங்கத்தான் செய்தது. விளங்கியது வேண்டிய நேரத்தில் கைக்கு வரவில்லை.

மறுநாள் காலையில் ஆபரேஷன் சிக்கலில்லாமல் முடிந்தது. மதியத்துக்கு முன்னால் அறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பிருந்தா தலையணையில் சாய்ந்துகொண்டு பேசினாள். கத்தி வைத்த வயிறு என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

"கண்ணாலத்துக்குக் கெளம்பற மாதிரில்ல இருக்கறா" என்றார் தங்கவேலு.

பிருந்தா பிளாஸ்டர்களுக்கு நடுவில் தன் வயிற்றைக் கிள்ளிப் பார்த்தாள். "மாமா, இது என்ற வவுறே இல்லீங். தலகாணியக் கிள்ளற மாதிரி இருக்குதுங்."

சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு உடம்பு கூசுகிறது.

வார்டு நர்ஸ் பெயர் லிஜி. பாலக்காட்டுப் பக்கம். சுறுசுறுப்பு, நல்ல முகம். வந்து ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, "வேதனை உண்டா மோளே? பத்துல எத்தனை சொல்லு" என்றாள். ஒன்றுமே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாவிட்டால் பத்து.

பிருந்தா சிரித்துக்கொண்டே, "எனக்கென்னங்க சிஸ்டர் வேதனை? அதெல்லாம் அம்மாவுக்குத்தானுங்க, இன்னும் மாப்பிள்ள கெடைக்கலையேன்னு" என்றாள். லிஜியும் சிரித்தாள். பூஜ்யம் என்று குறித்துக்கொண்டு போனாள்.

அதன் பிறகுதான் நான்கு மணி பத்து நிமிடம். போர்வையை இழுத்துவிட்ட பிறகும் அவள் முகம் தெளியவில்லை. காலை மடக்கி மடக்கி நீட்டினாள். நான் மணியை அழுத்தினேன். லிஜி உடனே வந்தாள். அதை நான் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் உடனே வந்தாள்.

"எந்தா மோளே, வேதனை வந்துச்சா?"

"வேதனை இல்லீங்க சிஸ்டர். உளையுதுங்க."

"உளைச்சலா?" லிஜி கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் நெற்றியைத் தடவினாள். "எந்தினா உளைச்சல்? ஆபரேஷன் நல்லா முடிஞ்சு போச்சல்லோ. நாளைக்கு வீட்டுக்குப் போகாம். டென்ஷன் அடிக்கண்டா, கேட்டோ."

நாடி பார்த்தாள். கொஞ்சம் வேகமாக ஓடியது. ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. "பேடிச்சுப் போயிருக்கு, அதான் பல்ஸ் ஓடுது" என்று என்னிடம் சொன்னாள். நான் தலையாட்டினேன். சின்ன வயசிலிருந்தே பிருந்தாவுக்கு ஊசி என்றால் பயம் என்று வேறு எடுத்துக் கொடுத்தேன்.

அங்கே என்ன நடந்தது என்று விளங்க எனக்குப் பல நாள் ஆயிற்று. எங்கள் பேச்சில் வலி என்றால் விரல் வைத்துக் காட்டக்கூடியது. வெட்டுப்பட்ட இடம், பல், தலை. உளைச்சல் வேறு. நாளெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்தால் கால் உளையும். உள்ளே, ஆழத்தில், இன்ன இடம் என்று சொல்ல முடியாமல் படுத்தும். வேதனை என்பதோ வீட்டில் சாவு விழுந்தால் வருவது. லிஜியின் ஊரில் உடம்பு வலிக்கே வேதனை என்று பெயர். உளைச்சலை அவள் நம் டிவி நாடகங்களில் கேட்டுப் பழகியிருந்தாள். அதில் எப்போதும் மன உளைச்சல்தான். ஆகவே அவள் உடம்பைக் கேட்டாள், மகள் மனதை நினைத்து இல்லை என்றாள். மகள் உடம்பைச் சொன்னாள், லிஜி மனதை நினைத்து நெற்றியைத் தடவினாள். இத்தனைக்கும் அங்கே புரியாத வார்த்தை என்று ஒன்றுகூட இல்லை. இருந்திருந்தால் யாராவது திருப்பிக் கேட்டிருப்போம்.

நான் பக்கத்திலேயே நின்றேன். எனக்கு இரண்டு பேரின் பேச்சும் புரிந்தது.

கேன்டீனிலிருந்து கலாமணி வந்தபோது பிருந்தா வலத் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "தோளு கடுக்குதுங்மா." கலாமணி தேய்த்துவிட்டாள். தோள்வலிக்கும் என்னிடம் பதில் இருந்தது. கேமரா வைப்பதற்காக வயிற்றை வாயு விட்டு ஊதவைப்பார்கள், அந்த வாயு வடிகிற வரைக்கும் தோளில் வலிக்கும், அது சகஜம் என்று டியூட்டி டாக்டர் காலையிலேயே சொல்லியிருந்தார். அவர் சொன்னது உண்மைதான். வயிற்றுக்குள் ரத்தம் தேங்கினாலும் அதே தோளில்தான் வலிக்கும் என்பதும் உண்மை.

"ஏனுங்க, புள்ள மேலெல்லாம் சில்லுனு இருக்குதுங்க" என்றாள் கலாமணி.

"ஏசியக் கொறச்சு உடு."

"ஏசி எனக்கும்தான் அடிக்குது. எனக்கு வேர்க்கலியே."

டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டேன். இளைஞர், அவரும் வந்தார். வயிற்றை நாலு பக்கமும் அழுத்தினார். "வலிக்குதாம்மா?" "இல்லீங்க டாக்டர்." இன்னும் கொஞ்சம் அழுத்தினார். "இல்லீங்க." முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. எப்படி இருக்கும்? "வயிறு நல்லா சாஃப்டா இருக்கு சார். காலைல ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிக்கலாம்" என்று போனார்.

வயிறு வலிக்காததற்கு ஊசி காரணம். தோள் வலிக்கு வாயு காரணம். நாடி வேகத்துக்குப் பயம் காரணம். வேர்வைக்கு நான் ஏசியைச் சொன்னேன். பிருந்தா பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். கலாமணி கேட்டதற்கெல்லாம் "பரவால்லீங்மா" என்றாள். எங்கள் வீட்டில் கேட்டதும் முதலில் வருகிற பதில் அது. வலித்தாலும், பசித்தாலும், யாராவது காலை மிதித்தாலும் பரவால்லீங்க.

ஜன்னலில் வெயில் சாய்ந்து மஞ்சளாக இருந்தபோது மயக்க மருந்து டாக்டரம்மா வந்தார். தான் ஊசி போட்டவர்களை வீட்டுக்குப் போகுமுன் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போவது அவர் வழக்கமாம். தோளில் கைப்பை, கையில் கார்ச் சாவி.

"என்ன அம்மணி, எப்பிடி இருக்குது?"

"பரவால்லீங்க டாக்டர்." பிருந்தா மூச்சு வாங்கினாள். "வலி இல்லீங்க. உள்ளதான் உளையுதுங்க."

டாக்டரம்மா சாவியை மேசைமேல் வைத்தார்.

"எங்க உளையுது? காட்டு."

"காட்டத் தெரியலீங். உள்ள. அடியில."

பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து அவள் கன்னத்தில் தொட்டார். "சில்லுனு இருக்குதா?" "இருக்குதுங்க." வயிற்றில் வலப்பக்கம், இடப்பக்கம், தொப்புளுக்கு மேலே, கீழே தொட்டார். "இப்ப?" "இல்லீங்க. எதுமே தெரியலீங்க."

"என்ற ஊசி நல்லாத்தான் வேலை செய்யுது. வவுத்துச் சொவரு நல்லா மரத்துக் கெடக்குது." யாரிடம் என்றில்லாமல் சொன்னார். "அதையும் மீறி உளையுதுன்னா உள்ளுக்குள்ள இருந்து வருது."

கீழிமையை இழுத்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெள்ளைத் துணியாக இருந்தது. நாடியைப் பிடித்தபடியே ஸ்கேன் மெஷினைக் கேட்டார். காலையில் ஊசி போடப் பயன்படுத்திய அதே சின்ன மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வயிற்றின் மேல் கருவியை வைத்ததும் திரையில் கல்லீரலை ஒட்டிக் கறுப்பாக ஒரு பட்டை தெரிந்தது. "அது என்னங்க?" என்று கேட்டேன். அதற்குள் அவர் போனை எடுத்திருந்தார். ஆங்கிலத்தில், மெல்லிய குரலில், நாலைந்து வாக்கியம் பேசினார். நான் படித்தவன். அந்த நாலைந்து வாக்கியத்துக்குப் படிக்காமலே இருந்திருக்கலாம்.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். லிஜி கூடவே ஓடினாள். "எண்டெ கர்த்தாவே, எண்டெ கர்த்தாவே" என்று அவள் வாய் முனகிக்கொண்டே போனது. தியேட்டர் வாசலில் ஏதோ தாளில் கையெழுத்துப் போட்டேன். டாக்டரம்மா தலைக்குத் தொப்பி மாட்டிக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, அந்த மரக்கற ஊசி மட்டும் மறுபடியும் போட்றாதீங்க" என்றேன்.

"இப்ப அதுக்கெல்லாம் நேரமில்லீங்க" என்று உள்ளே போய்விட்டார்.

காத்திருப்பு அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ரத்தம் தேவைப்படும் என்றதும் தங்கவேலு என் கம்பெனிக்குப் போன் செய்தார். கொஞ்ச நேரத்தில் எங்கள் செக்‌ஷன் ஆட்கள் ஏழெட்டுப் பேர், யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், வார்னிஷ் வாசனையோடு வந்து ரத்த வங்கி வாசலில் நின்றார்கள். யாரும் என்னிடம் ஆறுதல் சொல்லவில்லை. ஒருவர் மட்டும், "சார், நீங்க உக்காருங்க சார்" என்றார். நான் நின்றுகொண்டிருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கலாமணி வெகுநேரம் கழித்துக் கேட்டாள்.

"அவ மொதமொதல்ல என்னங்க சொன்னா?"

"உளையுதுன்னா."

"அவளா? வாயத் தொறந்து சொன்னாளா?" முந்தானையால் வாயை அழுத்திக்கொண்டாள். "காச்சல் அடிச்சாலும் நாமளாத் தொட்டுப் பாத்தாத்தானுங்க உண்டு. அவளே சொல்லியிருக்கறான்னா..."



அறுவை சிகிச்சை நிபுணர் வந்து விவரம் சொன்னார். பித்தப்பைக்குப் போகும் சிறிய ரத்தக் குழாயை அடைத்துப் போட்டிருந்த கிளிப் நழுவிவிட்டது. அபூர்வம், ஆனால் நடப்பதுண்டு. துளை வழியாக நிறுத்த நேரமில்லை, விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் திறந்து கட்டிவிட்டோம். ரத்தம் ஏற்றியிருக்கிறது. பிழைத்துக்கொள்வாள். "இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால்" என்று ஆரம்பித்தவர் கலாமணியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவர் சொல்லாமல் விட்ட பாதியை நான்தான் தினமும் முடித்துக்கொண்டிருக்கிறேன்.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

ஐ.சி.யு.விலிருந்து அறைக்கு வந்தபோது பிருந்தாவுக்கு உண்மையான வலி வந்திருந்தது. முதல் ஊசி எப்போதோ தெளிந்துவிட்டது. இப்போது இருந்தது துளை இல்லை, வெட்டு. வீரியமான மருந்து போட்டால் வாந்தி வந்தது. வாந்தி எடுக்கும்போது தையல் இழுத்து, கத்தக்கூட மூச்சில்லாமல் வாயைத் திறந்தபடி கிடந்தாள். மருந்தைக் குறைத்தால் வலி. பிசியோதெரபிக்காரர் மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து, மூச்சை உள்ளே இழுத்துப் பந்துகளை மேலே ஏற்றச் சொன்னார். ஒரு பந்துகூட அசையவில்லை. ஆழமாக மூச்சு விடாமலும் இருமாமலும் இருந்தால் நுரையீரலின் அடியில் சளி கட்டும், காய்ச்சல் வரும், நிமோனியாவில் கொண்டுபோய் விடும் என்றார் அறுவை சிகிச்சை நிபுணர். ரத்தம் உறையும் சோதனை சரியாக வந்துவிட்டது, விலாவுக்குக் கீழே ஒரு நரம்புத் தடுப்பு ஊசி போட்டால் நன்றாக மூச்சு விடுவாள் என்றார்.

நான் வேண்டாம் என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுங்க சார்" என்று போய்விட்டார். இருபத்து மூன்று வயதுப் பெண் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆனாலும் எல்லோரும் அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. எனக்கும் அதில் வித்தியாசமாக ஒன்றும் தெரியவில்லை.

எனக்கு அவள் முனகல் வேண்டியிருந்தது. அதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அவள் முனகினால் உயிரோடு இருக்கிறாள், வலிக்கும் இடம் இன்னது என்று தெரிகிறது. சத்தமில்லாமல் படுத்திருந்தால் என் கை தானாக அவள் நாடிக்குப் போகும். அந்த நான்கு மணி அமைதி எனக்கு மறுபடியும் வேண்டாம்.

"ஏனுங்க, வவுறு யாருதுங்க? உங்களுதா?" என்றாள் கலாமணி. இத்தனை வருடத்தில் என்னிடம் அந்தக் குரலில் பேசியதில்லை.

தங்கவேலு ஆரஞ்சு உரித்துக்கொண்டே, "மாப்ள, ஒருக்கா மோட்டாரு பொகஞ்சு போச்சுன்னு தண்ணியே பாச்சாம உட்டா வெள்ளாம என்னத்துக்காகுமுங்க?" என்றார். யாரும் சாப்பிட முடியாத அந்த அறையில் அவர் மட்டும் எதையாவது உரித்துக்கொண்டே இருந்தார். பிறகு எல்லாவற்றையும் மற்ற நோயாளிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்.



லிஜி அன்று வேறு வார்டில் டியூட்டி. இருந்தும் மதிய இடைவேளையில் வந்தாள். கலாமணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "சேச்சி, உங்க நாட்டுல வேதனைக்கு என்னென்ன வாக்கு உண்டோ, எல்லாம் எனக்குச் சொல்லித் தரணும்" என்றாள். கலாமணி யோசித்து யோசித்துச் சொன்னாள். குத்துது, கடுக்குது, எரியுது, நோகுது, குடையுது, இழுத்துப் புடிக்குது, விண்ணு விண்ணுங்குது, உளையுது. லிஜி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி, உடம்பில் எங்கே, எப்படி என்று கேட்டுக்கொண்டாள். உளையுது என்றபோது மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கட்டிலுக்கு வந்து, "மோளே, இப்ப இதுல ஏது?" என்றாள்.

"எல்லாமே இருக்குதுங்க சிஸ்டர்" என்றாள் பிருந்தா. சொல்லிவிட்டுச் சிரிப்பு வந்து, சிரித்ததும் தையல் இழுத்து, முகம் கோணிப்போய், தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். அவள் அடங்க வெகுநேரம் பிடித்தது.

லிஜி போன பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான் முனகிட்டே இருந்தாத்தான் உங்களுக்கு நிம்மதியாங்ப்பா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். கீழே ஆம்புலன்ஸ் டிரைவர்கள் இருவர் நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு எதற்கோ தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் அவர்களையே பார்த்தேன். பிறகு நர்ஸ்கள் இருக்குமிடம் போய், "டாக்டரம்மாவை வரச் சொல்லுங்க" என்றேன். அவர் தியேட்டரில் இருக்கிறார், ஒன்று முடிந்தால் இன்னொன்று இருக்கிறது, முடிந்ததும் வருவார் என்றார்கள்.

அதைப் போல ஒரு காத்திருப்பை நான் அதுவரை அறிந்ததில்லை. முதல் நாள் காத்திருந்தபோது என் கையில் எதுவும் இல்லை. இந்த வலி நீங்காமல் நான்தான் தடுத்துவைத்திருந்தேன். தாழ்வாரத்தில் சக்கரச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். உணவு வண்டி வந்தது, துணி வண்டி வந்தது, காலியான ஒரு சக்கர நாற்காலி வந்தது. கலாமணி பிருந்தாவின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தொட்டால் வலிக்காத இடம் அது ஒன்றுதான் என்றாள்.

கடைசியாக டாக்டரம்மாவே மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகக்கவசத்தின் கோடு கன்னத்தில் பதிந்திருந்தது. நான் கட்டிலுக்குப் போகும் வழியை மறித்து நின்று கேட்டேன்.

"மறுபடியும் உள்ள ஏதாச்சும் ஆனா எப்படித் தெரியுமுங்க?"

"மரக்கறது தோலும் சதையும்தானுங்க. பல்சு மரக்காது. பிபி மரக்காது. ரத்த அளவு மரக்காது. மணிக்கொருக்கா பாக்கச் சொல்லியிருக்கறேன். இன்னிக்கு அம்மணி உளையுதுன்னு ஒரு வார்த்தை சொன்னா எந்த நேரமானாலும் என்னையக் கூப்புடுவாங்க. லிஜி எல்லா வார்டுலயும் சொல்லி வச்சுட்டா."

"இருந்தாலுங்க..." என்றேன். கட்டில் கம்பியைப் பிடித்திருந்தேன். என் கை அதை விடவில்லை.

டாக்டரம்மா ஒரு ஸ்டூலை இழுத்து, என் பக்கமாக அல்ல, பிருந்தாவின் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அப்படியே தலையைத் திருப்பாமல் என்னிடம் சொன்னார்:

"ஏனுங்க, நான் உங்ககிட்டச் சம்மதம் கேக்க வரலீங்க. அம்மணிகிட்டக் கேக்க வந்தேன். நீங்க போயி ஒரு டீ குடிச்சுட்டு வாங்க."